டச்சஸின் காது வில்லை

செவ்வாய்க்கிழமை கால்நடை மருத்துவர் வந்து ஒவ்வொரு மாட்டின் கழுத்திலும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ஊசி போடுவார். வெள்ளிக்கிழமை திரும்பி வந்து வீக்கத்தை அளப்பார். கீழ் ஊசியின் வீக்கம் பெரிதாக இருந்தால் அந்த மாட்டுக்குக் காசநோய், சாக வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை வரை பேசாமல் காத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். போட்மின் மேட்டுநிலத்தின் இந்தப் பக்கத்தில் அப்படி ஒரு புத்திசாலியை நான் பார்த்ததே கிடையாது. வியாழக்கிழமை சாயங்காலம் பால் கறக்கும்போதே எல்லாப் பண்ணையிலும் கழுத்து தடவிப் பார்த்துவிடுவோம்.

என் அண்ணன் டென்சில், பெண்டாட்டி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூடச் சாப்பாட்டை மிச்சம் வைக்காதவன். அந்த மே மாத வியாழக்கிழமை டச்சஸின் கழுத்தில் கையை வைத்தவன் எடுக்கவே இல்லை. கறவை இயந்திரம் காலியாக உறிஞ்சிக்கொண்டிருந்தது. டச்சஸ் எங்கள் நூற்று நாற்பது மாடுகளில் முதல் மாடு, மாவட்டக் கண்காட்சியில் மூன்று வருடம் தொடர்ந்து பரிசு வாங்கியது. அவன் குரலைக் கேட்டால் மட்டும்தான் பாலை முழுசாக விடும்.

"செனாரா, இங்க தொட்டுப் பாரு," என்றான்.

தொட்டேன். கீழே கோழி முட்டை அளவுக்கு இருந்தது.

வெள்ளிக்கிழமை மருத்துவர் ஐந்து மாடுகளின் எண்ணை எழுதிக்கொண்டு போனார். அதில் டச்சஸும் ஒன்று. ஐந்தையும் தனிக் கொட்டகையில் அடைத்து வைக்க வேண்டும், கொண்டுபோகப் பத்து நாளில் ஆள் வருவான் என்றார். முந்தின வருடம் இப்படித்தான் இருபத்தாறு மாடுகளைக் கொண்டுபோனார்கள். எனக்கு அரசாங்கத்தின் மேல் இருந்த கோபத்தை எழுதினால் இந்தத் தாள் எரிந்துவிடும்.

அந்தப் பத்து நாளுக்குள் டென்சில், இரண்டு மாடுகளுக்குக் காதில் மாட்டியிருக்கும் எண் வில்லை உதிர்ந்துவிட்டதாகச் சொல்லிப் புது வில்லைகள் வரவழைத்தான். டச்சஸின் காதிலிருந்த மஞ்சள் வில்லைகளை இடுக்கியால் வெட்டி எடுத்துவிட்டு மில்லியின் எண்ணை மாட்டினான். மில்லி வயதான, லேசாக நொண்டுகிற, நோய் நொடி இல்லாத சினைமாடு. அதன் காதில் டச்சஸின் எண்ணை மாட்டினான். கறுப்பு வெள்ளை மாடுகள் நூற்று நாற்பதில் எது எது என்று வெளியாளுக்குத் தெரியப் போவதில்லை. இரண்டு மாடுகளின் தலையையும் பிடித்துக்கொண்டது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு என்னை நல்லவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

"ஒரே ஒரு மாடு, தனியா வெச்சுக்குவேன். யாருக்கு என்ன கெடுதல்?" என்றான்.

கன்று போடும் நாள் நெருங்கிய மாட்டை லாரியில் ஏற்றக் கூடாது என்பது சட்டம். அதனால் மில்லியை மட்டும் எங்கள் முற்றத்திலேயே சுட்டார்கள். அது என் கையிலிருந்த தீவனத்தை முகர்ந்துகொண்டே வந்து நின்றது. வந்தவன் நெற்றியில் வைத்து ஒரே குண்டில் முடித்தான், வேலை தெரிந்தவன்தான், குறை சொல்ல மாட்டேன். மில்லி விழுந்தது. அதன் வயிறு விழவில்லை. உள்ளே கன்று உதைக்க ஆரம்பித்தது. தோலுக்கு அடியில் குளம்பு மேலே எழும்பி எழும்பி அடங்குவது வெளியே தெரிந்தது.

"வெளிய எடுத்துடலாமேப்பா," என்றேன்.

"அனுமதி இல்லம்மா. தள்ளி நில்லுங்க," என்றான். அவனும் பார்க்காமல் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

நான் தள்ளி நிற்கவில்லை. கன்று உதைப்பது அடங்கும்வரை நின்றேன், வெகுநேரம் ஆனது. உடலைக் கொண்டுபோன கசாப்புக்கூடத்திலிருந்து பிறகு கடிதம் வந்தது, அறுத்துப் பார்த்ததில் நோயின் தடயம் ஒன்றும் இல்லையாம். அப்படி வருவது சகஜம் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. டென்சில் அதைப் படித்துவிட்டுச் சிரித்தான். அன்றைக்குத்தான் முதல்முறையாக எனக்கு அவனைப் பிடிக்காமல் போனது.

ஒரு பண்ணையில் நோய் வந்தால் சுற்றியுள்ள வளைக்கரடிகளை, மண்ணில் வளை தோண்டி வாழும் நாயளவு பிராணிகளை, பிடித்துக் கொல்வது அந்த வருடங்களில் அரசாங்கத்தின் பரீட்சார்த்த ஏற்பாடு. அவற்றுக்கும் இதே காசநோய் வரும், மேய்ச்சல் நிலத்தில் அவற்றின் மூத்திரத்தாலும் எச்சிலாலும் மாட்டுக்குத் தாவும் என்பது உண்மைதான். எவ்வளவு தாவும், கொன்றால் குறையுமா கூடுமா என்று படித்தவர்களே அடித்துக்கொண்டார்கள். எங்கள் ஊரில் அந்தச் சந்தேகமெல்லாம் கிடையாது. மாடு செத்தால் வளைக்கரடிதான். வேறு யாரைத் திட்டுவது?

ஜூனில் கூண்டுகளோடு அரசாங்க ஆட்கள் வந்தார்கள். நிலக்கடலையைப் போட்டு வைத்தால் இரவில் வந்து மாட்டிக்கொள்ளும், விடிந்ததும் சுடுவார்கள். டென்சில் பார்க்கப் போனான், நானும் போனேன். முகத்தில் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை போட்ட அந்தப் பிராணி கூண்டின் மூலையில் மூக்கைப் புதைத்துக்கொண்டு கிடந்தது. தப்பிக்கக் கம்பியைக் கடித்ததில் வாயெல்லாம் ரத்தம். கம்பிக்கு நடுவே துப்பாக்கிக் குழாயைச் செருகிச் சுட்டார்கள். இரண்டு நாளில் பதினோரு தடவை அந்தச் சத்தம் கேட்டேன்.

இரண்டாவது நாள் விடியற்காலையில், வளைக்கரடியைக் கொல்லக் கூடாது என்கிற எதிர்ப்பாளர்கள் முகமூடி போட்டுக்கொண்டு வந்து கூண்டுகளைத் திறந்துவிட்டார்கள். அவர்களில் ஒரு இளைஞன் கூண்டுக் கதவைத் தூக்கிப் பிடித்திருந்தபோது டென்சில் ஓடிப்போய் அந்தக் கதவின் மேல் பூட்ஸ் காலால் மிதித்தான். விரல்கள் உள்ளே இருந்தன. அந்தப் பையன் போட்ட கூச்சலுக்கு வேலிக்கு அப்பால் இருந்த மாடுகள் மிரண்டு ஓடின.

"மாட்டுக்காரன் வயித்தெரிச்சல் என்னன்னு தெரியுமாடா உனக்கு?" என்று அவன் முகத்துக்கு நேரே கத்தினான் டென்சில். அதைக் கேட்டு அரசாங்க ஆட்களே தலையாட்டினார்கள்.

ஓடைக்கு அந்தப் பக்கம் ஆம்ப்ரோஸின் நிலம். எழுபத்து மூன்று வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மெதடிஸ்ட் கோயிலுக்குப் போகிறவர். நாற்பது மாடுகள். முப்பது வருடத்தில் அவர் பண்ணையில் ஒரு மாட்டுக்குக்கூட நோய் வந்ததில்லை. தன் நிலத்தில் கூண்டு வைக்க விட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"என் தோப்புல இருக்கிறது நோயில்லாத குடும்பம், செனாரா," என்றார் என்னிடம். "அதுங்க இருக்கிறவரைக்கும் வெளிய இருந்து சீக்குப்பிடிச்சது உள்ள வராது, கடிச்சு விரட்டிடும். அதுங்களைக் கொன்னா வீடு காலி. அப்புறம் எவன் வந்து குடியேறுவான்னு யாருக்குத் தெரியும்? உங்க அண்ணன்கிட்ட சொல்லேன்."

சொன்னேன். "கிழவன் தாயைத் தவிர வேற பொம்பளைய தொட்டதில்ல, அதான் வளைக்கரடியோட குடும்பம் நடத்துறான்," என்றான் டென்சில். சாராயக்கடையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தவன் கிளெம்.

கிளெம் கீழ்ப்பண்ணைக்காரன், முப்பத்து நான்கு வயது, வாயாடி, எனக்கு ரொம்பப் பிடித்தவன். அவனிடம் ஒரு நல்ல காளை இருந்தது. எங்கள் மாடுகள் பலவற்றுக்கு அந்த வருடம் சினை ஊசி நிற்கவில்லை. நோய்த்தடையில் இருக்கும் பண்ணைக்குக் காளையை அனுப்புவது சட்டப்படி குற்றம். ஆனால் பக்கத்துப் பண்ணைக்காரன் காளை கேட்டால் இல்லை என்று சொல்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது.

"நோவு வந்ததையெல்லாம் கொண்டுபோயிட்டாங்க. மிச்சமெல்லாம் சுத்தம், என் மேல சத்தியம்," என்றான் டென்சில்.

அந்த வார்த்தையை நம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்து வழியாகக் காளையை ஓட்டிக்கொண்டு வந்தான் கிளெம். "என் பையனைப் பாத்துக்கோ, செனாரா. ரொம்பக் கூச்ச சுபாவம். நீ நின்னு பாத்தா வேலை செய்யமாட்டான்," என்றான்.

சிரித்தேன். காளை போய் நின்ற மந்தையில் மில்லியின் எண்ணோடு டச்சஸ் மேய்ந்துகொண்டிருந்தது. தனியாக வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னவன் ஒரு வாரம்தான் வைத்திருந்தான், தனியாக நின்றால் அது பால் குறைக்கிறதாம். காளை ஐந்து வாரம் எங்களிடம் இருந்துவிட்டு வீட்டுக்குப் போனது.

செப்டம்பர் பரிசோதனைக்கு வேறு ஒரு மருத்துவர் வந்தார். ஏழு மாடுகளுக்கு நோய் என்றார். டச்சஸின் கழுத்தில் ஒரு கடுகளவு வீக்கம்கூட இல்லை. நோய் முற்றிப்போன மாட்டுக்குச் சில சமயம் ஊசி வீங்காது என்பது எங்களில் எல்லோருக்கும் தெரியும். டென்சிலுக்கும் தெரியும். ஆனால் அவன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "பாத்தியா? இதுக்கு எப்பவுமே ஒண்ணுமில்ல," என்றான். அக்டோபரில் அது இருமத் தொடங்கியது. விலா எலும்பு தெரிந்தது. அதைப் பின்கொட்டகைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினான்.

நவம்பரில் கிளெமின் பண்ணையில் பரிசோதனை. முப்பத்தெட்டு மாடுகளுக்கும் காளைக்கும் நோய்.

அவற்றில் பதினொன்று நிறைசினை. முற்றத்தில் வரிசையாகக் கட்டி வைத்துச் சுட்டார்கள். நான் சூடாக, உள்ளே இறைச்சி வைத்துச் சுட்ட பாஸ்டி அப்பம் செய்து ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு போனேன், துக்க வீட்டுக்கு எங்கள் வழக்கம் அது. யாரும் தொடவில்லை. காளையையும் அங்கேயே சுட்டார்கள், முதல் குண்டுக்கு அது சாகவில்லை. மண்டியிட்டு எழுந்து, கம்பித் தடுப்பைப் பிடுங்கிக்கொண்டு, கிளெமைப் பார்த்து வந்தது. அவனிடம்தான் அது தீவனம் தின்று வளர்ந்தது. மூன்றாவது குண்டில் அவன் காலடியில் விழுந்தது. வாயாடி கிளெம் வாயைத் திறக்காமல் அதன் முகத்திலிருந்த ரத்தத்தைத் தன் சட்டையால் துடைத்தான்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது, சத்தியமாக வந்தது. டென்சில் என் முழங்கையைப் பிடித்து வண்டிக்கு இழுத்துப்போனான்.

"நீ வாயத் திறந்தா எனக்கு ஜெயில். தலையப் புடிச்சவ நீ, உனக்கும்தான். பண்ணை போயிடும். அம்பது வயசுக்கு மேல எங்க போய்ச் சாணி அள்ளுவ?"

பயந்துவிட்டேன். கேவலமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

கிளெமுக்கு யாராவது ஒருவர் மேல் பழியைப் போட்டாக வேண்டியிருந்தது. எங்கள் நிலத்து வளைக்கரடிகள் எல்லாம் ஜூனிலேயே செத்துவிட்டன. சுற்றுவட்டாரத்தில் மிச்சம் இருந்தவை ஆம்ப்ரோஸின் தோப்பில் இருந்தவை மட்டும்தான். அவரும் என் அண்ணனும் ஒரே சாராயக்கடையில் இருந்தால் கிளெம் எந்தப் பக்கம் உட்காருவான் என்று சொல்ல வேண்டியதில்லை. "அந்தக் கிழவன் வளர்த்த சனியன்தான் என் மாட்டைத் தின்னுச்சு," என்று குடிக்கும்போதெல்லாம் சொன்னான். டென்சில் அவனுக்கு ஊற்றிக் கொடுத்தான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு வார்த்தை சொன்னால் நின்றுவிடும் என்று தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. ஆம்ப்ரோஸ் கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்து, டென்சிலும் கிளெமும் மண்வெட்டியோடும் கிளெமின் இரண்டு டெரியர் நாய்களோடும் ஓடையைக் கடப்பதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கையில் மாவோடு அப்படியே ஓடினேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் ஒரு நாயை வளைக்குள் விட்டிருந்தார்கள். அது மண்ணுக்கு அடியில் எங்கே குரைக்கிறதோ அதற்கு நேர் மேலே வெட்டி இறங்குவதுதான் முறை. டென்சில் இடுப்பளவு குழியில் நின்றான். நாய் பின்பக்கமாக வெளியே வந்தது, கீழ்த்தாடை ஒரு பக்கம் தனியாகத் தொங்கியது. குழியின் கோடியில் தாய் வளைக்கரடி சுவரோடு ஒட்டிக்கொண்டு பல்லைக் காட்டியது. வயிற்றுக்கு அடியில் கண் திறக்காத மூன்று குட்டிகள்.

"கிளெம், வேணாம்டா. கேளு, நான் சொல்றதக் கேளு," என்றேன்.

"போயிடு, செனாரா," என்றான். மண்வெட்டியின் விளிம்பால் அதன் முதுகில் இறக்கினான். முதுகெலும்பு முறிந்த பிறகும் அது முன்கால்களால் குட்டிகளை அடியில் இழுத்துக்கொண்டது. கிளெம் அழுதுகொண்டே அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் தன் மாடு ஒன்றின் பெயரைச் சொன்னான். பெயர்கள் தீர்வதற்கு முன்பே அங்கே அடிக்க ஒன்றும் மிச்சமில்லை. குட்டிகளை டென்சில் காலாலேயே முடித்தான்.

பனி பெய்ததால் அன்றைக்குப் பிரசங்கத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஆம்ப்ரோஸ் கறுப்புக் கோட்டும் பளபளக்கிற பூட்ஸுமாகத் தோப்புக்குள் வந்து நின்றார். குழியைப் பார்த்தார். அடுத்த வளையில் நாயை விடப் போன டென்சிலுக்கு முன்னால் போய், அந்த வளையின் வாயை மறைத்துக்கொண்டு நின்றார்.

"நகருய்யா கிழவா," என்றான் டென்சில்.

"இது என் நிலம். என்னைத் தாண்டித்தான் நீ தோண்டணும்."

"தாண்டிட்டா போச்சு," என்று மண்வெட்டியின் தட்டையான பக்கத்தால் அவர் காதோடு சேர்த்து வீசினான். அவர் சுருண்டு விழுந்தார். பனியின் மேல் ரத்தம் வேகமாகப் பரவியது. டென்சில் மறுபடியும் ஓங்கினான். கிளெமும் கையில் மண்வெட்டியோடு அவரை நோக்கி ஒரு எட்டு வைத்தான்.

"டச்சஸ் சாகல!" என்று கத்தினேன். "கிளெம், டச்சஸ் உசுரோட இருக்கு! இவன் வில்லைய மாத்திட்டான். மில்லியத்தான் சுட்டாங்க. சீக்கு மாட்டோடதான் உன் காளை அஞ்சு வாரம் நின்னுச்சு. ஆம்ப்ரோஸ் ஒண்ணும் பண்ணல, இவன்தான்!"

டென்சிலின் கை அந்தரத்தில் நின்றது. கிளெம் என்னைப் பார்த்தான், பிறகு அவனைப் பார்த்தான்.

"அவளுக்குப் பைத்தியம்," என்றான் டென்சில். "கிழவன் மேல இவளுக்கு எப்பவும் ஒரு இது."

"சத்தியம் பண்ணியே," என்றான் கிளெம், மெதுவாக. "மிச்சமெல்லாம் சுத்தம்னு சத்தியம் பண்ணிட்டுத்தானே காளையைக் கேட்ட?"

"சுத்தம்தான்டா. கிளெம், மண்வெட்டியக் கீழ போடு. டேய். போடுன்னு சொல்றேன்ல." ஒரு அடி பின்னால் வைத்தவன், தான் வெட்டிய குழியில் கால் தவறி முழங்காலுக்கு விழுந்தான். அங்கிருந்து என்னைப் பார்த்தான். அவன் பயந்து நான் பார்த்ததே இல்லை. "செனாரா, பொய்னு சொல்லு. கோவத்துல சொல்லிட்டேன்னு சொல்லு. நான் உன் கூடப் பொறந்தவன்."

முதலில் நான் கத்தியது ஆம்ப்ரோஸுக்காக. யோசிக்காமல் கத்தியது. இப்போது யோசிக்க நேரம் இருந்தது. கிளெமின் கையில் இருப்பதையும் அவன் முகத்தையும் நன்றாகவே பார்த்தேன், அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பொய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் கொஞ்சம் தயங்கியிருப்பான், டென்சில் குழியை விட்டு ஏறியிருப்பான்.

"சொல்லு, செனாரா," என்றான் கிளெம். "நிஜமா?"

"எங்க பின்கொட்டகையில நிக்குது," என்றேன். "காதுல மில்லியோட நம்பர். எலும்பும் தோலுமா இருக்கு."

திரும்பிப்போய் ஆம்ப்ரோஸின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் தலையை மடியில் எடுத்து வைத்து, என் மேலங்கியைச் சுருட்டிக் காதோடு அழுத்திப் பிடித்தேன். மூச்சு இருந்தது. முதுகுக்குப் பின்னால் மண்வெட்டி விழுகிற சத்தம் கேட்டது. முதல் மூன்று அடி வரைக்கும் அண்ணன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். நான் திரும்பவில்லை.